கோமதி அக்கா வண்டியும் தள்ளிவிடுகிற ஊரும்

பேட்டரி வண்டி ரிப்பேர் தொழிலில் வண்டிக்குச் செய்கிற வேலை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியது.

நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டியைத்தான் சொல்கிறேன். முன்னால் ஒரு கூடை, நடுவில் ஒரு சீட்டு, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆமைப் படத்திலிருந்து முயல் படம் வரை திருகுகிற ஒரு குமிழ். பிள்ளையார்பாளையத்தில் இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பது எங்கள் அம்மா சாந்தி. கூடமாட இருப்பது நான், பவி, பிளஸ் டூ எழுதிவிட்டு, ரிசல்ட் வருகிற வரை வீட்டாருடைய பொறுமையைச் சோதித்துக்கொண்டிருப்பவள். கடை ஒரே ஒரு அறை. ஆனால் போன் அடித்தால் அந்த அறைக்குள் ஒரு சர்வீஸ் மேனேஜர், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் இன்சார்ஜ், எப்போதும் ஜலதோஷத்தோடு ஒரு அசிஸ்டென்ட் எல்லாரும் இருப்பார்கள். எல்லாரும் நான்தான். அம்மா இதைக் கண்டிப்பதில்லை. "மேனேஜரைக் கூப்பிடு" என்று குதிக்கிறவர்கள், மேனேஜர் தொண்டையைச் செருமியதுமே அடங்கிவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு மிக்ஸியோ மோட்டாரோ இருக்கும். மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஓடும், அவர் தெருமுனை திரும்பியதும் நிற்கும். அந்த மெக்கானிக்கைத் திட்டியிருப்பீர்கள். அவர் பக்கத்து நியாயத்தையும் ஒருநாள் கேளுங்கள்.

பொட்டு

கோமதி அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் வலுவிழந்துவிட்டன. நெசவு வீடு. அக்கா கம்ப்யூட்டரில் புடவை பார்டருக்கு டிசைன் போடுவார். அன்னமும் மயிலும் கட்டம் கட்டமாக அவர் விரலில் இறங்கி வரும். காந்தி ரோட்டில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் ஒன்பதரைக்குள், தனியாக வந்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண் அப்பாவோடு வருவாளாம். அப்பாவை வராந்தாவில் உட்கார வைப்பாளாம். அப்பாவுக்குப் பசித்ததும் அவளும் கிளம்பிவிடுவாளாம். அதிலிருந்து மேனேஜர் மேடத்துக்கு அப்பா, அண்ணன் வகையறாவே ஆகாது.

அக்காவுக்கு இருப்பதோ சேகர் அண்ணன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு என்று தங்கச்சியைத் தூக்கித் தூக்கியே தோள் பழகினவர். நான் கொண்டுபோய் விடுகிறேன், வண்டி எதற்கு என்றுதான் ஆரம்பித்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் சம்பாத்தியத்தில், அம்மா மூலமாக, சென்னையிலிருந்து ஒரு பழைய வண்டியை வரவழைத்துவிட்டார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன்: வண்டிக்கு உயிர் இல்லை.

போய்ப் பார்த்தால் வண்டியா, மாப்பிள்ளை அழைப்பா என்று தெரியவில்லை. விளக்கில் சந்தனம், கைப்பிடியில் குங்குமம், கழுத்தில் சம்பங்கி மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். இந்த வண்டிக்கு வயிறு தரையோடு இருக்கும். அதில் ஒரு பழம் அடியில் சிக்கிச் சாறு வடித்துக்கொண்டிருந்தது. சாவித் துவாரத்துக்குப் பொட்டு. சார்ஜர் மாட்டுகிற இடத்தில் மூன்று ஓட்டைகள், பாரபட்சம் இல்லாமல் மூன்றுக்கும் பொட்டு. அம்மா பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துச் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே, கரண்ட் போகிற வழியில் எதற்கு அண்ணா இதெல்லாம் என்று கேட்டார். சேகர் அண்ணன் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"பொட்டு வெக்காம வுட்டாலும் ஓடும்மா, இல்லேங்கல. ஆனா எங்க போயி ஓடும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

ஏற்றின கரண்ட்

திங்கட்கிழமை காலை. அக்கா தலைவாரி, அடையாள அட்டைக்கு போட்டோ வரை எடுத்து வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாயிற்று. வண்டி நகரவில்லை. சேகர் அண்ணனிடமிருந்து கடைக்கு போன் வந்தது. நான் சர்வீஸ் மேனேஜர் குரலில், வயிற்றிலிருந்து பேசினேன். சாவி போட்டாச்சா? போட்டாச்சு. விளக்கு எரியுதா? எரியுது. சார்ஜரை எடுத்தாச்சா? எடுத்தாச்சு. மேனேஜருக்கு அதற்கு மேல் தெரியாது. ஜலதோஷ அசிஸ்டென்ட்டுக்கு போனைக் கைமாற்றி, ஆள் வருகிறது என்று மூக்கால் சொல்லி வைத்துவிட்டு நான் சைக்கிளை மிதித்தேன்.

சார்ஜர் ஒயர் வண்டியிலேயே செருகியிருந்தது. மாட்டிக்கொண்டே ஓட்டி ஒயரை அறுத்துவிடக் கூடாது என்பதற்காகவே, சார்ஜர் பின் உள்ளே இருக்கிற வரை இந்த வண்டி நகராது. உங்கள் வீட்டு வண்டி நின்றாலும் முதலில் அதைப் பாருங்கள். சேகர் அண்ணன் ராத்திரி பூரா சார்ஜ் ஏற்றி, சுவரில் சுவிட்ச்சை மட்டும் அணைத்துவிட்டு, பின்னை அப்படியே விட்டிருக்கிறார். நான் பிடுங்கினேன், வண்டி கிளம்பியது, அக்கா தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் என்று மேடம் மன்னித்தார். ஏன் பின்னைப் பிடுங்கவில்லை என்று அண்ணனைக் கேட்டேன். அவரிடம் பதில் தயாராக இருந்தது:

"சுவிட்ச்சைத்தான் அணைச்சிட்டேனே. பின்னையும் புடுங்கிட்டா, ராத்திரி பூரா ஏத்தின கரண்ட் ஓட்ட வழியா இறங்கிடாதா?"

அரக்கு நூல்

செவ்வாய்க்கிழமை அக்கா நேரத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வருகையில் வண்டி முனகியது, இழுத்தது, வீட்டு வாசலில் ஆளை இறக்கிவிட்டு மூச்சை நிறுத்தியது. கவிழ்த்துப் பார்த்தால் பின் சக்கர அச்சில் பட்டு நூல், கண்டு கண்டாகச் சுற்றியிருக்கிறது. வேறு ஊர் வண்டிகளில் முடி சுற்றும், பாலிதீன் பை சுற்றும். எங்கள் ஊர்த் தெருவில் குப்பையிலும் பட்டு. அம்மா பிளேடால் அறுத்து அறுத்து எடுத்தார்.

இனிமேல் வண்டி போகிற வழியைப் பெருக்கிவிட்டு நெய்யுங்கள் என்று அம்மா சொல்லப் போனார். அதற்குள் சேகர் அண்ணன் அந்த நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெருடி, முகர்ந்து, தடயவியல் நிபுணர் தோரணையில் தீர்ப்புச் சொன்னார்:

"இது நம்ம வூட்டு நூலே இல்லமா. நம்ம தறியில ஓடுறது மாம்பழக் கலரு. இது எதிர்வூட்டு அரக்கு, கேஸு அவங்க மேலதான்."

ஊர்வலம்

இந்த வண்டியில் பின்பக்கம், சீட்டுக்கு அடியில், ஒரு மஞ்சள் லிவர் உண்டு. கீழே இருந்தால் மோட்டார் சக்கரத்தைப் பிடித்திருக்கும். மேலே தூக்கினால் நியூட்ரல், கையால் தள்ளலாம். ஆனால் தூக்கினவர் திரும்ப இறக்காமல் போனால் வண்டி தானாக ஓடாது, பீப் பீப் என்று அழும், இறக்கத்தில் பிரேக்கும் பிடிக்காது. ஓட்டுகிறவருக்கு அந்த லிவர் எட்டாது. எங்களுக்கு வருகிற "வண்டி ஓடவில்லை" போன்களில் பெரும்பாலானவை இந்த லிவர்தான். யாராவது அன்போடு தூக்கியிருப்பார்கள்.

சேகர் அண்ணனுடைய அன்பு கொஞ்சம் பெரிது. பூஜை போட்ட அன்றே மொபெட்டில் காந்தி ரோடு வரை போய், வழியில் இருக்கிற டீக்கடை, பூக்கடை, மாவு மிஷின், சைக்கிள் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் லிவர் எங்கே இருக்கிறது என்று பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறார். தங்கச்சி வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை வேறு. எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியுமல்லவா? தேர் வடம் பிடித்துப் பழகிய கை. சக்கரம் வைத்த ஒன்று தானாக உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வராது. புதன்கிழமை டீக்கடை வாசலில், ஒரு மாடு குறுக்கே வந்ததால், அக்கா ஒரு கணம் நிறுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் லிவரைத் தூக்கிவிட்டார். பூக்கடை வரை அவர் தள்ளினார், பூக்கடையிலிருந்து மாவு மிஷின்காரர். சுவாமி புறப்பாட்டில் தோள் மாற்றுகிற மாதிரி ஆள் மாறிக்கொண்டே வந்தார்கள். விடுங்கள், நானே போய்க்கொள்கிறேன் என்று அக்கா சொல்லச் சொல்ல, பரவாயில்லைமா, எங்களுக்கு ஒன்றும் சிரமம் இல்லை என்று பதில். நடுவில் ஒருவர் தள்ளியது போதும் என்று டீ குடிக்கப் போய்விட்டார்; லிவரை இறக்கவில்லை; வண்டி நடு ரோட்டில் நின்று அழுதது. அக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்காலைத் தாண்டிவிட்டது. பின்னால் மூன்று பேர் வியர்வையோடு நின்றார்கள். மேடம் கதவருகே வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். திரும்பிப் போகும்போது, மூக்கு வழியாக வருகிற ஒரு குரலில் சொன்னார்:

"தனியா வரணும்னு சொன்னேன். நீ உற்சவம் மாதிரி வந்திருக்க."

சாமி குரல்

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். அழவில்லை. வேலை போய்விடும் போலிருக்கிறது பவி, கால் இல்லாததால் போனாலும் பரவாயில்லை, ஊருக்குக் கை அதிகமாக இருப்பதால் போகிறது என்றார். லிவரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். ஒரு அவசரத்துக்குத் தள்ள முடியாமல் போய்விடும்.

அப்போதுதான் எனக்கு யோசனை. கீரை விற்கிறவர்கள் வண்டியில் கட்டியிருப்பார்களே, ஒரு தடவை ரெக்கார்டு செய்தால் நாள் பூரா கத்துகிற குரல் பெட்டி. அதை வாங்கி வந்து சீட்டுக்கு அடியில் கட்டினோம். லிவர் மேலே எழும்பினால் பெட்டி பேசுகிற மாதிரி அம்மா ஒரு சுவிட்ச் வைத்தார். பேசுவது என் பொறுப்பு. நான் ரெக்கார்டு செய்கையில் சேகர் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில், ஆட்குறைப்பில் வேலை போனவன் களை.

முதலில் இன்ஸ்பெக்டர் குரல். "யார்றா அது, வண்டி மேல கை வெக்கிறது?" தெருமுனையில் சோதித்தோம். ஒருவர் லிவரைத் தொட்டதும் பெட்டி அதட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. யாரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெருவே கூடிவிட்டது. வண்டி நகர வழியில்லை. அடுத்து கோயில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் குரல், இழுத்து, கணீரென்று. "பக்தர்கள் யாரும் வண்டியைத் தொட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்." இந்த முறை உண்மையிலேயே யாரும் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றார்கள். ஒரு பூக்காரம்மா ஒரு முழம் கதம்பத்தைக் கூடையில் வைத்துவிட்டு, அக்காவை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்:

"எந்தக் கோயிலு உற்சவரும்மா? திரும்ப எப்ப இந்தப் பக்கமா எழுந்தருளுவாரு?"

லைன்மேன்

மூன்றாவது குரலில்தான் தொழில் சித்தித்தது. எங்கள் பகுதிக்கு வருகிற கரண்ட் ஆபீஸ் லைன்மேன் ஒருவர் இருக்கிறார். அதட்ட மாட்டார். கம்பத்து மேலேயே பிறந்து கம்பத்து மேலேயே அலுத்துப்போனவர் மாதிரி பேசுவார். அந்த அலுப்பைப் பிடிக்க எனக்குப் பாதி ராத்திரி ஆயிற்று. "லைன்ல இருக்குது. தொடாத. ஷாக் அடிக்கும். அப்பால என்னைக் கேக்காத." அவ்வளவுதான் வசனம். இன்ஸ்பெக்டர் கத்தினால் வேடிக்கை பார்க்கிற ஜனம், லைன்மேன் சலித்துக்கொண்டால் நடுங்குகிறது.

வியாழக்கிழமை டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் லிவரில் கை வைத்தார். பெட்டி சலித்துக்கொண்டது. அவர் மூன்று அடி பின்னால் தாவி பாய்லரில் இடித்துக்கொண்டார். பாதி தூக்கின லிவர் தானாகக் கீழே விழுந்தது. அக்கா போய்க்கொண்டே இருந்தார். செய்தி வண்டியை விட வேகமாகக் காந்தி ரோட்டுக்குப் போய்விட்டது. ஒன்பதேகாலுக்கு அக்கா ஆபீஸில், தன்னந்தனியாக. மத்தியானம் நான் டீ வாங்கப் போனபோது, டீக்கடைக்காரர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"நல்ல பொண்ணுதான்பா. ஆனா கரண்ட் பாயுற வண்டியில குந்திக்கினு சிரிச்சிக்கினே போவுது பாரு, அதான் பயமா இருக்குது."

பள்ளம்

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். ஒரு பாதுகாப்புக்கு டூல்ஸ் பையோடு பின்னாலேயே போ, ஆனால் கண்ணில் படாதே என்று அம்மா என்னை அனுப்பினார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஆபீஸ் வாசல் வரை. அங்கே யாரோ குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, மேலாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க ரோடு மாதிரியே இருந்தது. அக்காவின் முன் சக்கரம் இரண்டும் அதற்குள் இறங்கிவிட்டன. அந்தக் குலுக்கலில் சுவிட்ச் சிக்கிக்கொண்டு பெட்டி பேச ஆரம்பித்தது. "லைன்ல இருக்குது. தொடாத. ஷாக் அடிக்கும்." நிற்கவே இல்லை.

கூட்டம் வந்துவிட்டது. புதன்கிழமை தோள் மாற்றின அதே ஜனம், இப்போது கையைக் கட்டிக்கொண்டு வட்டமாக நின்றது. ரப்பர் செருப்புக்காரர்கள் முன்னால் வாருங்கள் என்றார் ஒருவர். ரப்பர் செருப்புக்காரர்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். காய்ந்த மூங்கில் கொண்டு வா என்றார் இன்னொருவர். அக்கா, கரண்ட் எல்லாம் இல்லைங்க, வெறும் ரெக்கார்டு, கொஞ்சம் முன்பக்கம் தூக்கிவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். உட்கார்ந்திருக்கிற ஆள் சொல்வதை யார் நம்புவார்கள், பெட்டி அல்லவா சொல்கிறது? பாவம், ஷாக் அடித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஒரு அம்மா மற்றவர்களுக்கு விளக்கினார். மேலே படியில் மேனேஜர் மேடம் காபி டம்ளரோடு நின்று, உள்ளே இருக்கிற சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரைக்கு இன்னும் கொஞ்சம்தான்.

என் குரலே அக்காவின் வேலைக்கு உலை வைக்கிறது என்றதும் நான் பாய்ந்தேன். யாரோ பின்னாலிருந்து டூல்ஸ் பையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஒரு ஹெல்மெட். காந்தி ரோட்டில் நடந்து போகிறபோது ஹெல்மெட் போட்டிருக்கிற ஆள் ஒருவர்தான் இருக்க முடியும், ஒளிந்து வந்த ஆள். சேகர் அண்ணன். வாரம் பூராவும் இப்படித்தான் பின்னாலேயே வந்திருக்கிறார். அண்ணா, விடுங்கள் என்றேன். விடவில்லை. அக்காவும் பார்த்துவிட்டார். கூட்டத்துக்கு மேலாக அந்த ஹெல்மெட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டி என்ன கத்தினாலும் அது பவியின் குரல் என்று தெரிந்த ஒரே ஆம்பிளை அங்கே அவர்தான். வந்து ஒரு கை கொடுத்தால் வண்டி மேலே வந்துவிடும். மேடம் கண்ணெதிரே அண்ணனும் வந்துவிடுவார். ஹெல்மெட் அசையவில்லை.

அக்கா திரும்பிக்கொண்டார். எல்லாரும் தள்ளிப் போங்கள் என்றார். அதைச் சொல்லவே வேண்டாம், ஜனம் சந்தோஷமாகத் தள்ளிப் போயிற்று. வேகக் குமிழை ஆமைக்குத் திருகினார். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைச் சீட்டின் பின் ஓரத்துக்கு நகர்த்தி, கனத்தை எல்லாம் பின் சக்கரத்தில் போட்டார். கைப்பிடியில் இருக்கிற ரிவர்ஸ் லிவரை இழுத்தார். பின் சக்கரம் சுழன்று வேடிக்கை பார்த்தவர்கள் மேல் மண்ணை வாரி அடித்தது. விட்டு, மறுபடி இழுத்தார். வண்டி முனகியது, முன் சக்கரம் விளிம்பு வரை வந்து, மறுபடி சறுக்கியது. என் பையை விடாமலே ஹெல்மெட் ஒரு அடி முன்னால் வைத்து, அதே அடியைப் பின்னால் எடுத்தது. அடுத்த தடவை அக்கா அவசரப்படாமல் விரலால் தடவுகிற மாதிரி இழுத்தார். முன் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி, ரோட்டுக்கு வந்தன. யாரும் கை தட்டவில்லை, கரண்ட் வண்டிக்கு யார் தட்டுவார்கள். அக்கா பக்கத்துப் புடவைக் கடையின் சாய்தளத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போனார். பெட்டி இன்னும் ஷாக் அடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போயிற்று. மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை மூடியே கிடந்த இன்னொரு கதவையும் திறந்துவிட்டார். கடிகாரத்தில் ஒன்பதரை ஆகவில்லை. சாயங்காலமே வேலை உறுதி.

கூட்டம் கலைந்த பிறகு சேகர் அண்ணனைக் கேட்டேன். ரெக்கார்டு செய்யும்போது பக்கத்தில்தானே இருந்தீர்கள், அப்புறம் ஏன் போகவில்லை? அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மொபெட் நிறுத்தியிருந்த திசையைப் பார்த்தார்:

"ஷாக் அடிக்கும்னு அவ்ளோ தெளிவா சொல்லிக்கினு இருக்குது. நான் புள்ளகுட்டிக்காரன்மா, எப்படித் தொடறது?"

ஆக, பேட்டரி, சார்ஜர், லிவர் எல்லாமே ஆர்டர் கொடுத்த மறுநாள் எங்கள் கடைக்கு வந்துவிடுகின்றன, சும்மா நிற்கிற ஒரு ஜோடிக் கை மட்டும் இந்த ஊரில் ஒரு வாரம் பாடுபட்டால்தான் கிடைக்கிறது.